முந்திரிக்கொட்டையை அறுத்துப் பார்த்து விலை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முந்திரி வாரியம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2025-26ஆம் ஆண்டுக்கான வேளாண் நிதிநிலை அறிக்கையில் 10 கோடி ரூபாயில் தமிழ்நாடு முந்திரி வாரியம் அமைக்கப்படும் என்று அறிவித்த நாளிலிருந்து எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடினால் அதைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் ஒட்டுக்கன்று வேண்டும் என்கிறார். ஒருவர் இயந்திரத்துக்கு மானியம் வேண்டும் என்கிறார். இன்னொருவர் வெளிநாட்டுக் கொட்டையை நிறுத்தச் சொல்கிறார். அவரவர் கஷ்டம் அவரவருக்கு. ஆனால் கொட்டையை வாங்கும்போதே அளந்து, அறுத்துப் பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். முழுதாகப் போட்டால் நன்றியோடு இருப்பேன்.

பண்ருட்டி வட்டத்தில், காடாம்புலியூர் பக்கம் ஒரு சின்ன முந்திரிக் கம்பெனி நடத்துகிறேன். உடைப்பது, காயவைப்பது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பெண்கள்தான். நானும் சிறுமியாக அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரித்து வந்தவள். அதனால் இதில் எழுதுவதெல்லாம் கையால் தொட்டுப் பழகிய விஷயம்.

பங்குனியில் தொடங்கி வைகாசி வரை கொட்டை வரும். விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவார். வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், குலுக்கிப் பார்ப்பார், ஒன்றிரண்டை உடைத்துப் பார்ப்பார், 80 கிலோ மூட்டைக்கு இன்ன விலை என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு வந்த எல்லா மூட்டைக்கும் ஏறத்தாழ அதே விலைதான். தானாகப் பழுத்து விழுந்ததை மட்டும் பொறுக்கி, களத்தில் காயவைத்து, உள்ளே பருப்பில்லாத பொக்கையும் சொத்தையையும் நீக்கிக் கொண்டுவந்தவருக்கும் அதே விலை. திருட்டுப் போய்விடும் என்று பயந்து மரத்திலிருந்தே பறித்து, ஈரத்தோடு கட்டிக் கொண்டுவந்தவருக்கும் அதே விலை. இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழி இல்லாத இடத்தில் வேறு என்ன நடக்கும்?

முதலில் ஈரம். மரத்தடியில் பொறுக்கிப் பழத்தைத் திருகி எடுத்த புதுக் கொட்டையில் 15 முதல் 20 சதவீதம் வரைகூடத் தண்ணீர் இருக்கும். கெடாமல் வைத்திருக்க அதை 8, 9 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மூன்று நாளில் அந்தப் பதம் வந்துவிடும். இப்போது கணக்கைப் பாருங்கள். 16 சதவீத ஈரத்தோடு இருக்கும் 80 கிலோவை 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் தராசில் 73 கிலோதான் நிற்கும். 7 கிலோ ஆவியாகப் போய்விட்டது. எடைக்கு மட்டும் காசு என்றால் காயவைத்த மனிதருக்கு 7 கிலோ நஷ்டம், களத்துக் கூலி தனி. அடுத்த வருஷம் அவர் எதற்குக் காயவைப்பார்? வியாபாரிக்கும் இது தெரியும். எல்லா மூட்டையிலும் ஈரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சேர்த்தே விலையைக் குறைத்துவிடுகிறார். காய்ந்த கொட்டை கொண்டுவந்தவர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்.

ஈரக் கொட்டையைக் கட்டி வைத்தால் மூட்டைக்குள் சூடு ஏறும். பூஞ்சணம் பிடிக்கும். பருப்பு மஞ்சள் தட்டும், கறுப்புப் புள்ளி விழும். சணல் சாக்கிலாவது காற்று போகும், பிளாஸ்டிக் சாக்கில் உள்ளேயே வியர்த்து ஊறிவிடும். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மேலே ஓடு பளபளவென்றுதான் இருக்கும், அறுத்தால்தான் உள்ளே நடந்தது தெரியும்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஈரம் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. மூட்டையைக் களத்தில் கொட்டச் சொல்வார்கள். காய்ந்த கொட்டை கலகலவென்று ஓடிப் பரவும், குவியல் தாழ்வாக உட்காரும். ஈரக் கொட்டை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு குவியல் செங்குத்தாக நிற்கும். அவர்கள் கண்ணால் பார்த்ததைப் பொறியியல் படித்தவர்கள் கோணமாக அளக்கிறார்கள். காய்ந்த முந்திரிக்கொட்டைக் குவியலின் சரிவு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும், ஈரம் கூடக் கூடச் சரிவும் கூடும். இயந்திரத்தின் மேலே கொட்டை கொட்டும் ஹாப்பரின் சரிவு இதைவிட நன்றாகச் செங்குத்தாக இருந்தால்தான் கொட்டை தானாக இறங்கும். இல்லாவிட்டால் ஓர் ஆள் பக்கத்தில் நின்று குச்சியால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை கம்பெனிகளில் அப்படி ஆள் நிற்கிறார் என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

கிடங்கு கட்டுகிறவர்களும் கொட்டையின் குணத்தைக் கேட்பதில்லை. முந்திரிக்கொட்டை வளைந்த வடிவம். எப்படி அடுக்கினாலும் இடுக்கு விழும். ஒரு கன மீட்டர் இடத்தில் சுமார் 600 கிலோதான் பிடிக்கும். கொட்டையாக இருப்பது பாதிக்குச் சற்று மேல், மீதி வெறும் காற்று. அந்தக் காற்றுதான் கொட்டையை உலர வைத்திருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் சுவர் எழுப்பிவிட்டு, இடம் போதவில்லை என்று மூட்டைகளை நெருக்கி, ஜன்னலையும் அடைத்து அடுக்கினால் கீழ்வரிசை புழுங்கிப் போகும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு கிலோவுக்கு எத்தனை கொட்டை நிற்கிறது என்பதை வைத்தே பருப்பு எந்த ரகத்துக்குப் போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வி.ஆர்.ஐ. 3 ரகத்தில் ஒரு கொட்டை 7 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். கிலோவுக்கு 140 கொட்டை. உடைத்தால் எடையில் 29 சதவீதம் பருப்பு, ஒரு பருப்பு 2 கிராமுக்கு மேல். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் நிறுத்தால் 210 பருப்பு நிற்கும். கடையில் டபிள்யூ 210 என்று போட்டிருப்பது இந்த எண்ணிக்கையைத்தான். அதே நிலையத்தின் வி.ஆர்.ஐ. 2 ரகத்தில் கொட்டை 5 கிராம், கிலோவுக்கு 200. பருப்பு டபிள்யூ 320 ஆகப் போகும். பழைய விதைக்கன்று மரங்களில் 4 கிராம் கொட்டையும் உண்டு. கிலோவுக்கு 250 நிற்கும்.

பெரிய கொட்டை என்றாலே நல்ல கொட்டை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது எப்போதும் சரியாக வராது. ஓடு தடித்திருந்தால் கொட்டை பெரிதாகத் தெரியும், உள்ளே பருப்பு ஒல்லியாகக் கிடக்கும். நடுத்தரக் கொட்டை முற்றி நிறைந்திருந்தால் அதில் கிடைக்கும் பருப்பு கூடுதலாக இருக்கும். அதனால் எண்ணினால் மட்டும் போதாது, அறுத்தும் பார்க்க வேண்டும்.

நாற்றுக்கு விதை எடுக்கிறவர்கள் கொட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். முற்றியது மூழ்கும், பிஞ்சும் பொக்கும் மிதக்கும். முழு மூட்டைக்கு இதைச் செய்ய முடியாது, நனைந்துவிடும். ஒரு கிலோ மாதிரிக்குத் தாராளமாகச் செய்யலாம். எத்தனை மிதக்கிறது என்று எண்ணினாலே மரத்திலிருந்து அவசரமாகப் பறித்ததா, விழுந்து பொறுக்கியதா என்று பாதி தெரிந்துவிடும்.

இப்போது என் மனத்தை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன். எங்கள் பகுதிக் கம்பெனிகளுக்கு உள்ளூர்க் கொட்டை வருஷம் முழுவதும் போதாது. ஐவரி கோஸ்ட், பெனின், கானா, கினி பிசாவு, தான்சானியா என்று ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை வாங்குகிறோம். அந்தச் சரக்கு ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு வருகிறது. கிலோவுக்கு எத்தனை கொட்டை, ஈரம் எத்தனை சதவீதம், 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்று அதில் எழுதியிருக்கும். 47, 48 பவுண்டு என்றால் தயங்காமல் வாங்குவார்கள். 40-ஐ நெருங்கினால் விலையைக் குறைப்பார்கள், இல்லையென்றால் வேண்டாம் என்பார்கள். கடல் தாண்டி வரும் கொட்டையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. பக்கத்துத் தோப்பிலிருந்து மாட்டு வண்டியில் வரும் கொட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆப்பிரிக்கக் கொட்டைதான் சுலபமாக ஓடுகிறது, உள்ளூர்க் கொட்டையை நம்ப முடியவில்லை என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். செம்மண்ணில் விளைந்து, நம் வெயிலில் காய்ந்த பண்ருட்டிக் கொட்டையைப் பற்றி அப்படிச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. நம் கொட்டைக்கு ருசியில் குறையில்லை. அதற்கு ஒரு சீட்டு இல்லை, அவ்வளவுதான் குறை.

அந்தச் சீட்டை எழுதப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாலைந்து மூட்டைகளில் மேலே, நடுவே, அடியில் என்று கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து பரப்ப வேண்டும். அதை நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து மறுபடி கலக்க வேண்டும். இப்படியே குறைத்துக்கொண்டு வந்து ஒரு கிலோ நிறுத்துக்கொள்ள வேண்டும். முதலில் கொட்டைகளை எண்ண வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பருப்பை எடுத்துப் பிரிக்க வேண்டும். நல்லது ஒரு பக்கம். புள்ளி விழுந்தது, சுருங்கியது, பிஞ்சு ஒரு பக்கம். அழுகலும் பூஞ்சணமும் தனி, அதற்கு மதிப்பே இல்லை. நல்ல பருப்பின் எடையோடு, இரண்டாவது குவியலின் எடையில் பாதியைக் கூட்ட வேண்டும். 270 கிராம் வந்தால் அதை 80-ஆல் பெருக்குங்கள், 21,600 கிராம். மூட்டைக்கு 21.6 கிலோ பருப்பு. கப்பல் சரக்குச் சீட்டின் கணக்கில் 47.6 பவுண்டு. மேல்தோலோடு நிறுப்பதால் கடைசியில் டின்னுக்குள் போவது இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனால் எல்லோருக்கும் அதே முறை என்பதால் ஒப்பிடுவதில் பழுது வராது.

இதே கணக்கை இரண்டு விவசாயிகளுக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் மூட்டையில் 29 சதவீதம் பருப்பு, 23.2 கிலோ. இன்னொருவர் மூட்டையில் 24 சதவீதம், 19.2 கிலோ. 4 கிலோ வித்தியாசம். பருப்பு கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு மூட்டைக்கு 3,200 ரூபாய். இந்த வித்தியாசத்தில் முதல் விவசாயிக்குச் சேர வேண்டிய பங்கு இன்றைக்கு அவருக்கே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

மற்ற நாடுகளில் மரக்கொட்டைகளை விற்கும் விதத்தைப் பாருங்கள். கலிபோர்னியா பாதாமை ஓர் அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 28 கிராமுக்கு, எத்தனை பருப்பு என்று அளவு பிரித்துத்தான் விற்கிறார்கள். பிஸ்தாவும் அப்படியே, அதிலும் வாய் திறந்த கொட்டை வேறு, திறக்காதது வேறு. மகடாமியாவுக்கு ஓடு மிகக் கடினம். பருப்பின் ஈரத்தை 1.5 சதவீதம் வரை இறக்கி, பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகிய பிறகுதான் உடைப்பார்கள். அவசரப்பட்டு முன்னதாக உடைத்தால் ஓட்டோடு பருப்பும் நொறுங்கும். கொட்டையின் உடம்பைத் தெரிந்துகொண்டு அப்புறம் இயந்திரத்தைத் தொடுவது என்பதை அவர்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

இங்கே இயந்திரம் முதலில் வந்துவிடுகிறது. எங்கள் கம்பெனிக்கும் வந்தது. தானாக அறுக்கும் இயந்திரம். விற்க வந்தவர்கள் ஓட்டிக் காட்டியபோது அழகாக அறுத்தது. அவர்கள் கையோடு கொண்டுவந்த கொட்டை எல்லாம் ஒரே அளவு. பிறகு எங்கள் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினோம். பெரிய கொட்டையில் கத்தி ஆழமாக இறங்கிப் பருப்பையே வெட்டியது. சின்னக் கொட்டை பிடியில் நிற்காமல் திரும்பிக்கொண்டது, ஓட்டில் கீறல் மட்டும் விழுந்து அப்படியே வெளியே வந்தது. பாதிக்கு மேல் வீண். கூப்பிட்டுக் கேட்டால், "உங்க ஊரு கொட்டை சரியில்லம்மா" என்று பதில். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முந்திரிக்கொட்டை உருண்டை இல்லை. நீளம் ஓர் அளவு, அகலம் ஓர் அளவு, கனம் ஓர் அளவு. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு. அது உருளாது, சறுக்கத்தான் செய்யும். ஓடு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன். அதற்குள் இருக்கும் பருப்பைத் தொடாமல் ஓட்டை மட்டும் கத்தி வெட்ட வேண்டும் என்றால் கத்திக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளி கொட்டையின் அளவுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தவறினால் கதை முடிந்தது. காலால் மிதித்து அறுக்கும் சின்ன இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் கொட்டையைக் கண்ணால் பார்த்து, விரலால் திருப்பி வைத்துச் சமாளித்துவிடுவார். தானியங்கிக்குக் கண் கிடையாது.

பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரரிடம் சொல்லி, சுழலும் உருளைச் சல்லடை ஒன்று செய்து வாங்கினோம். துளைகள் 18, 20, 22, 24 மில்லிமீட்டர் என்று இரண்டிரண்டாகக் கூடும். கொட்டை அதில் போய் அளவு வாரியாகத் தனித்தனிக் கூடையில் விழும். ஓர் அளவை எடுத்து, அதற்குக் கத்தியைத் திருத்தி, அது தீர்ந்த பிறகு அடுத்த அளவு. அதே ஊர்க் கொட்டை, அதே இயந்திரம், முழுப்பருப்பு நன்றாகக் கூடிவிட்டது. அந்தச் சல்லடையின் விலை இயந்திரத்தின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் மானியப் பட்டியல்களில் இயந்திரம் முதலில் இருக்கிறது, சல்லடையைத் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் கொட்டை இப்படிக் கலந்து வருவதற்கு ஒரு காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த அன்று பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா காலத்து மரங்கள் ஒரே காலையில் போய்விட்டன. அதன் பிறகு பலர் ஒட்டுக்கன்று வைத்தார்கள். மிஞ்சிய பழைய மரங்களையும் வெட்ட மனம் வரவில்லை. ஒரே தோப்பில் 7 கிராம் கொட்டையும் 4 கிராம் கொட்டையும் ஒன்றாக விழுகின்றன, ஒன்றாகப் பொறுக்கப்படுகின்றன, ஒரே சாக்குக்குள் போகின்றன. இதற்கு விவசாயியைக் குறை சொல்லி என்ன பயன்? தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால் கூடுதல் காசு என்று தெரிந்தால் அவரே பிரித்துவிடுவார்.

அளவு பிரிக்காவிட்டால் கெடுவது அறுப்பு மட்டும் இல்லை. எங்கள் பக்கம் வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கட்டையால் தட்டி உடைக்கிற பழக்கமும் உண்டு, நீராவியில் அவித்து அறுப்பதும் உண்டு. அவித்த கொட்டையை உடனே அறுக்கக் கூடாது. ஓர் இரவாவது ஆறவிட்டால்தான் ஓடு முறுகும், பருப்பு ஓட்டிலிருந்து விலகும். பெரிதும் சின்னதும் கலந்து அவித்தால் சின்னது அதிகமாக வெந்து நிறம் மாறும், பெரிதுக்குப் போதாது. உடைத்த பருப்பைப் போர்மா என்னும் சூட்டு அறையில் வைத்து 65, 70 டிகிரிச் சூட்டில் 6 முதல் 8 மணி நேரம் காயவைப்போம். பருப்பின் ஈரம் 3 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் சிவப்புத் தோல் முறுகிக் கையோடு வரும். அங்கேயும் இதே கதை. ஒரே தட்டில் இரண்டு அளவு இருந்தால் சின்னது கருகும், பெரிதில் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய தோலைக் கத்தியால் சுரண்டினால் பருப்பில் கீறல் விழும். கீறல் விழுந்தாலோ நிறம் மாறினாலோ வெள்ளை முழுப்பருப்பு வரிசையிலிருந்து வெளியே போய்விடும். கடைசியில் கொஞ்சம் ஈரம் ஏற்றி, 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்து டின்னில் அடைப்போம். எலும்பாகக் காய்ந்த பருப்பை அப்படியே அடைத்தால் வண்டியில் போகும்போதே உடையும்.

உடைந்தால் என்ன, தின்னத்தானே போகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் விலை கேட்டுப் பாருங்கள். முழுசுக்கு ஒரு விலை, இரண்டாகப் பிளந்ததற்கு ஒரு விலை, துண்டுக்கு ஒரு விலை, குருணைக்கு ஒரு விலை. பொங்கலுக்கும் பாயசத்துக்கும் பிளந்தது போதும், இனிப்புக் கடைக்காரர் கத்லிக்கு அரைக்கத் துண்டு போதும் என்பார். எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முழுசாக வரவேண்டிய பருப்பு நம் கவனக் குறைவால் குருணையாகும்போது மரத்தின் உழைப்பும் மனிதரின் உழைப்பும் சேர்ந்து விலை இறங்குகிறது.

உடைக்கிற பெண்களின் கூலியும் இதில்தான் இருக்கிறது. பல இடங்களில் கூலி பருப்புக் கணக்கில், முழுசுக்கு ஒன்று, உடைந்ததற்கு ஒன்று. ஈரக் கொட்டை, பொக்கு, கலப்பு அளவு எல்லாம் நிறைந்த ஒரு மூட்டை முன்னால் வந்து விழுந்தால் அந்தப் பெண் அன்றைக்கு முழுவதும் குனிந்து உழைத்தும் கையில் வருவது குறைவு. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. மூட்டையை வாங்கியவர் பார்க்காமல் விட்டது இவர் கூலியில் போய்க் கழிகிறது. ஓட்டுக்குள் தேனடை மாதிரி அறைகள் இருக்கின்றன, அவற்றில்தான் எண்ணெய் இருக்கிறது. அனகார்டிக் அமிலமும் கார்டாலும் கலந்த எண்ணெய். பட்ட இடம் பொத்துப்போகும், கறுத்துத் தோல் உரியும். சாம்பலைப் பூசிக்கொள்வார்கள், விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். கத்திக்குப் பொருந்தாத கொட்டையை இரண்டு தடவை, மூன்று தடவை அறுக்க வேண்டிவரும்போதுதான் எண்ணெய் அதிகம் தெறிக்கிறது. அறுபட்டும் பருப்பு விலகாத கொட்டையை ஊசியால் நெம்பும்போது விரலெல்லாம் எண்ணெய். இதே எண்ணெயைப் பிரேக் லைனிங்குக்கும் பெயிண்டுக்கும் வாங்கிப் போகிறார்கள், நல்ல சரக்குதான். என்னோடு வேலை செய்யும் அக்காக்களின் கையைப் பார்த்தால் அந்தப் பெருமை மனத்தில் நிற்பதில்லை. அளவு பிரித்து, பதமாகக் காய்ந்து வந்த கொட்டை அவர்கள் கைக்குச் செய்யும் உதவியை எந்தக் கையுறையும் செய்வதில்லை.

இதை ஊரில் பேசும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் தயக்கம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி அண்ணன், "ஏம்மா, சீசன்ல வண்டி வரிசையா நிக்குது, நான் ஒவ்வொண்ணா அறுத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?" என்று கேட்டார். நியாயம்தான். அவர் அறுக்க வேண்டாம். அறுக்கும் இடம் பொதுவாக இருக்கட்டும், அவர் சீட்டைப் பார்த்து விலை சொன்னால் போதும். பழக்கப்பட்ட இரண்டு பேர் இருந்தால் ஒரு மாதிரியை அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். விவசாயிகளின் பயம் வேறு. ஈரம், சொத்தை என்று சொல்லி விலையைக் குறைக்க இன்னொரு சாக்கு ஆகிவிடுமோ என்று கேட்கிறார்கள். விலை இப்போதே குறைத்துத்தான் போடப்படுகிறது, யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல். விவசாயியின் கண் முன்னால், அவர் கையாலேயே மாதிரி எடுக்கச் சொல்லி, அறுத்த பருப்பை அவரிடமே கொடுத்து, சீட்டில் அவர் கையெழுத்தும் வாங்கினால் பயத்துக்கு இடமில்லை. ஒரு மூட்டை, இரண்டு மூட்டை கொண்டுவருகிறவர்களுக்கு ஊர் வாரியாகச் சேர்த்து ஒரு நாளில் பார்க்கலாம்.

ஆகவே வாரியம் அமைப்பவர்களிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். பண்ருட்டி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும், கொட்டை அதிகம் சேரும் சில ஊர்களிலும் அடுத்த பங்குனிக்குள் ஒரு மேசை போடுங்கள். அதில் ஒரு மின்தராசு, ஈரம் பார்க்கும் கருவி ஒன்று, கையால் அறுக்கும் கத்தி இரண்டு, பிரித்து வைக்கத் தட்டுகள், அளவு பார்க்கச் சல்லடைகள். ஒரு தானியங்கி இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் இந்த மொத்தச் செலவும் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஊர்ப் பொதுவுக்குச் சிமெண்டுக் களம் ஒன்று இருந்தால் ஈரத்தோடு வருகிறவர் அங்கேயே காயவைத்துவிட்டு, நல்ல சீட்டோடு விற்கலாம். உருளைச் சல்லடைக்கு மானியம் கொடுத்த பிறகு இயந்திரத்துக்குக் கொடுங்கள். விருத்தாசலத்தில் இருப்பவர்கள் ரகங்களைப் பற்றி எத்தனையோ தெரிந்தவர்கள். எந்த ரகத்துக்கு எந்தச் சல்லடைத் துளை, எத்தனை நேரம் அவிப்பு, போர்மாவில் எத்தனை மணி என்று ஒரு பக்க அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு கம்பெனிச் சுவரிலும் ஒட்டிக்கொள்வோம்.

அந்த மேசையில் உட்கார வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை. கொட்டையைக் கையில் எடுத்ததுமே உள்ளே பருப்பு எப்படி இருக்கும் என்று சொல்லக்கூடிய பெண்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எண்ணெயில் கை வெந்து, உடைக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். முறைப்படி சம்பளம் கொடுத்து அவர்களை அந்த வேலைக்கு எடுங்கள். நிறுக்கவும் எழுதவும் கற்றுக்கொடுக்கும் வேலையை நானும் என் கம்பெனியில் இருப்பவர்களும் காசு வாங்காமல் செய்து தருகிறோம். யாரிடம் வந்து பேச வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
முந்திரிக் கம்பெனி நடத்துபவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.